எங்களுக்கு எல்லாம் தேவாரந்தான்

ஈழத்து வன்னியில், முள்ளியவளைப் பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், "உங்களிட்டைத் தேவாரப் புத்தகம் இருக்கோ?" என்று கேட்டால் ஓம் என்று சொல்லி உள்ளே போவார்கள். சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகி வைத்த, ஓரமெல்லாம் திருநீறு படிந்த ஒரு மெல்லிய புத்தகம் வரும். திறந்தால் முதற்பக்கத்தில் ஔவையாரின் "பாலும் தெளிதேனும்" இருக்கும். அடுத்தது சிவபுராணம், முழுதாக. நடுவில் சம்பந்தர் பாட்டு ஒன்று, அப்பர் பாட்டு ஒன்று; சுந்தரரும் இருந்தால் அதிர்ஷ்டம். திருப்புகழ் ஒன்று. கடைசியில் கச்சியப்பரின் "வான்முகில் வழாது பெய்க". கணக்குப் பார்த்தால் அந்தத் தேவாரப் புத்தகத்தில் தேவாரம் கால்வாசி கூடத் தேறாது. எங்கள் ஊரில் இதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை, போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று பிள்ளையார் கோயிலில் மாலைப் பூசை முடிகிற நேரம். ஐயர் தீபத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி, "ஆராவது ஒரு தேவாரம் படியுங்கோ" என்றார். எல்லோரும் ஆளையாள் பார்த்தோம். எப்போதும் நடப்பதுதான். தூணோடு இருந்த ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்துநீ" என்று தொடங்கினார். ஆச்சியின் குரல் உடைந்து கனகாலம். பண், தாளம் ஒன்றும் பார்க்க முடியாது. ஆனால் ஒரு சொல் விடமாட்டார். "யானுனைத் தொடர்ந்து சிக்கெனப் பிடித்தேன்" என்ற இடம் வந்தபோது அவருடைய இடக்கை தூணை இறுக்கியது. பக்தியோ, கால் நோவோ, எனக்குத் தெரியவில்லை, இரண்டுமாய் இருக்கலாம்.

பாடி முடிந்ததும், பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், திருமுறை வகுப்பு எடுப்பவர், மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, நல்லாப் படிச்சீங்கள். ஆனா அது தேவாரம் இல்லை, திருவாசகம். தேவாரம் எண்டா மூவர் பாடினது மட்டுந்தான். மாறிச் சொல்லக்கூடாது." ஆச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடியோ தம்பி? எங்களுக்கு எல்லாம் தேவாரந்தானே" என்று சொல்லிவிட்டுச் சந்தனம் வாங்கப் போய்விட்டார்.

பெரியவர் சொன்னது சரிதான். சைவப் பாட்டுத் தொகுப்பான திருமுறையில் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய முதல் ஏழும் தேவாரம், எட்டாவது மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும் என்று சைவநெறிப் புத்தகம் படிக்கிற ஏழாந்தரப் பிள்ளையும் சொல்லும். நானும் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவன். பிழையைப் பிழை என்று சொல்பவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் மனதுக்குள் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது. ஒரு ஊர் முழுக்க, ஒரு மாவட்டம் முழுக்க, பரம்பரை பரம்பரையாக ஒரு சொல்லை ஒரு விதமாகச் சொல்லி வந்திருக்கிறது. அது வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு வேறு ஏதோ ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்று பட்டது.

முப்பத்தொராம் நாள் புத்தகம்

முதலில் அந்த மெல்லிய புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது எந்தக் கடையிலும் வாங்கியது அல்ல. யாரோ ஒருவரின் 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் சாப்பாடு முடிந்து வெளியே வரும்போது கையில் தந்தது. அட்டையில் செத்தவரின் படம், தோற்றம், மறைவு. உள்ளே திதி வெண்பா. அவர் பிறந்த குலம், படித்த பள்ளி, பெற்ற பிள்ளைகள் என்று வாழ்க்கைக் குறிப்பு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். அதற்குப் பிறகுதான் பாட்டுக்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். எங்கள் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கல்வெட்டு. "அவற்றை கல்வெட்டு அடிச்சாச்சோ?" என்று கேட்பார்கள். தாளில் அடித்ததற்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல பகிடிக்காரராக இருந்திருப்பார்.

வன்னியில் ஒரு பிள்ளை தேவாரம் பழகுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட புத்தகத்தில்தான். எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் இருந்தது ஒரு பெரியப்பாவின் கல்வெட்டு. அவரை நான் நேரில் கண்ட ஞாபகமே இல்லை. ஆனால் கோட்டுப் போட்டு, காதோரம் எண்ணெய் மின்ன, கொஞ்சம் கோபமாகப் பார்க்கிற அந்த முகத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் சிவபுராணத்துக்குப் போகவேண்டும். சிறு வயதில் "நமச்சிவாய வாழ்க" என்று தொடங்கும்போதெல்லாம் எனக்கு மனதில் வருவது சிவன் அல்ல, பெரியப்பா. இன்றைக்கும் அப்படித்தான் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை.

இந்தப் புத்தகங்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கறையான். வன்னிக் கறையானுக்குச் சிவபுராணமும் ஒன்றுதான், சங்கக் கடைப் பற்றுச்சீட்டும் ஒன்றுதான். தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏட்டறையைத் திறந்தபோது புற்று மூடியிருந்தது என்றும், மிஞ்சியதைத்தான் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்லுகிற கதையை இங்கே ஒருவருக்கும் விளக்கவேண்டிய தேவை இல்லை. இரண்டாவது எதிரி அச்சகம். ஒரு கல்வெட்டுக்கு அடித்த பாட்டுப் பக்கங்களை அடுத்த கல்வெட்டுக்கு அப்படியே எடுத்துப் போடுவார்கள். பாமினி எழுத்துருவில் எப்போதோ ஒருவர் விட்ட பிழை பத்துப் பதினைந்து குடும்பங்களின் துக்கத்தில் ஏறி இறங்கி வரும். "புல்லாகிப் பூடாய்" என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் "புல்லாகிப் பூண்டாய்" ஆகிவிட்டது இப்படித்தான். பூண்டும் செடிதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் சில கல்வெட்டுக்களில் நன்றி நவிலலில் முந்திய குடும்பத்தின் பெயரே வந்துவிடுகிறது. அதற்கு என்ன சமாதானம் சொல்ல?

ஆரமா, வாரமா

சரி, சொல்லுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த நேரம் குருபூசைப் பேச்சுப்போட்டிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. "தேவாரம் என்பது தே, ஆரம் எனப் பிரியும். தெய்வத்துக்குச் சூட்டிய பாமாலை" என்று பாடமாக்கி வைத்திருந்தது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பாட்டை மாலை என்று சொல்வது தமிழுக்குப் புதிதும் அல்ல. சம்பந்தரே தன் பதிகங்களைப் பல இடங்களில் மாலை என்றுதான் சொல்லுகிறார். இன்னொரு சாரார் தே, வாரம் என்று பிரிப்பார்கள். வாரம் என்றால் அன்பு. அல்லது ஒரு வகை இசைப்பாட்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடவரும்போது "வாரம் இரண்டும் வரிசையில் பாட" என்று வருகிறது. ஆகவே தெய்வத்தின் மேல் பாடிய இசைப்பாட்டு. இதுவும் பொருந்துகிறது.

முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒரு அண்ணையிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் சிலப்பதிகாரத்துக்கெல்லாம் போகவில்லை. "வாரம் எண்டா உமக்குத் தெரியாதே மாஸ்ரர்? அரைவாரத்துக்குச் செய்யிற வயலிலை விளைஞ்சதிலை பாதி காணிக்காரனுக்கு. அதுமாதிரி இது தேவற்றை வாரம். பகல் முழுக்க நமக்கு. பொழுதுபட்டா ஒரு கொஞ்ச நேரம் அவருக்கு. குடுக்காட்டி அடுத்த போகம் காணியைத் திருப்பி எடுத்துப்போடுவார்." சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கட்டப் போய்விட்டார். இதைக் கேட்டால் இலக்கணகாரர் சிரிப்பார்கள். ஒரு சபையில் நானும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த மூன்று விளக்கத்திலும் பாட்டை விட்டுவிட்டு, செய்கிற காரியத்தைப் பிடித்துக்கொண்டது இவர் ஒருவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உறைத்த இடம் ஒரு பழைய கல்வெட்டுத் தொகுப்பு. உண்மையான கல்வெட்டு, கல்லில் வெட்டியது. பாடசாலைக் காலத்திலிருந்து பழக்கமான ஒரு நண்பர் சோழர் காலத்துக் கோயிற் சாசனங்களைப் படிப்பதில் விருப்பம் உள்ளவர். ஆச்சியின் கதையை அவரிடம் சொன்னபோது ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் ஒரு தொடருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது: "நம் தேவாரத்துக்குத் திருப்பதியம் பாடும்". இவ்வளவுதான். இதை வாசித்துவிட்டு நான் கனநேரம் அப்படியே இருந்தேன்.

தேவாரத்துக்குத் திருப்பதியம் பாடுதல். தேவாரம் என்றால் பாட்டு என்று வைத்துக்கொண்டு இதை வாசித்துப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டுப் பாடுதல் என்று வரும், அர்த்தம் இல்லை. இங்கே பாட்டுக்குப் பெயர் திருப்பதியம். தேவாரம் வேறு. அது எதற்காகப் பாட்டுப் பாடப்படுகிறதோ அது. வழிபாடு; பூசை. "நம் தேவாரம்" என்று அரசன் சொன்னால் அவன் தனக்கென்று வைத்துச் செய்கிற வழிபாடு. அவன் தனியே வைத்துக் கும்பிட்ட மூர்த்திக்குத் தேவார தேவர் என்று சாசனங்களில் பெயர் வருகிறது. அந்த வழிபாட்டு ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட அதிகாரிக்கு இராசேந்திரன் காலத்தில் தேவார நாயகம் என்று பெயர். இவர்களை எல்லாம் "பாட்டு நாயகம்" என்று விளங்கிக்கொண்டால் கதை குழம்பிவிடும்.

மூவர் பாட்டுக்களுக்குக் கல்வெட்டுக் காலத்தில் வழங்கிய பெயர் திருப்பதியம்தான். 9ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் சாசனத்திலேயே திருப்பதியம் பாடுவார் வருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் 48 பேரை வைத்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல்லு. அந்தக் கல்லில் இருக்கும் வாசகம் "திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய" என்பது. ஒரு இடத்திலும் அவர்கள் தேவாரம் பாடினார்கள் என்று இல்லை. அந்த 50 பேரிடமும் போய் "ஒரு தேவாரம் பாடுங்கோ" என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்கள்.

இடையில் ஒரு படி இருக்கிறது. இரட்டைப் புலவர்கள் ஏகாம்பரநாதர் உலாவில் "மூவாத பேரன்பின் மூவர் முதலிகளும் தேவாரஞ் செய்த திருப்பாட்டும்" என்று பாடுகிறார்கள். இந்த வரியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இதிலும் பாட்டு என்பது திருப்பாட்டுத்தான். தேவாரம் என்பது மூவரும் அந்தப் பாட்டால் செய்தது. ஆனால் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. அதற்குப் பிறகு செயலின் பெயர் பாட்டின் மேல் ஏறிவிட்டது; பாட்டின் பெயர் ஏட்டின் மேல்; ஏட்டின் பெயர் அச்சடித்த புத்தகத்தின் மேல். நாங்கள் இன்று தேவாரப் புத்தகம் என்று கேட்கிறோம்.

அப்படிப் பார்த்தால் பட்டணத்துப் பெரியவர் சொன்ன பொருள் பிந்தியது. ஆச்சி சொன்னது முந்தியது. விளக்கு வைத்து, கும்பிட்டு, எதையோ ஒன்றைப் பாடுகிற அந்தக் காரியம் முழுவதும் தேவாரம் என்றால், அதற்குள் திருவாசகமும் வரும், "பாலும் தெளிதேனும்" வரும், திருப்புகழும் வரும். வன்னிக் கிழவி சோழர் காலத்துச் சொல்லைப் பொத்திப் பாதுகாத்து வைத்திருக்கிறாள் என்று நான் வாதாட வரவில்லை. அப்படிச் சொன்னால் அது வேறு விதமான புளுகு. சொல் சுற்றி வந்திருக்கலாம். பாட்டின் பெயராய் இறுகிய பிறகு, வாயில் புரண்டு புரண்டு மறுபடி செயலின் பெயராய் இளகியிருக்கலாம். வீட்டில் மாலையில் பிள்ளைகளிடம் "தேவாரம் படிச்சாச்சோ?" என்று கேட்பதில் எந்தப் பாட்டு என்ற கேள்வியே இல்லை. கால் கழுவி, திருநீறு பூசி, படத்துக்கு முன்னால் இருந்து எழும்பியாச்சோ என்பதுதான் கேள்வி.

குளிர்காய்ச்சலும் கோயில்களும்

இதை விளங்கிக்கொண்ட பிறகு, ஊரில் தேவாரம் என்ன வேலையெல்லாம் செய்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் தலைமுறைக்கு வன்னியில் குளிர்காய்ச்சல் என்றால் மலேரியாதான். காடும் குளமும் சூழ்ந்த ஊரில் அது வராத வீடு இல்லை. உடம்பு தூக்கிப்போடும், சாக்கு, பாய் என்று வீட்டில் உள்ள எல்லாவற்றாலும் மூடுவார்கள். அம்மம்மா தலைமாட்டில் இருந்து நெற்றியில் திருநீற்றைத் தேய்த்துக்கொண்டே, "அவ்வினைக் கிவ்வினை யாம்" என்று தொடங்குவார். பாட்டுக்குப் பாட்டு "தீண்டப்பெறா திருநீலகண்டம்" என்று முடியும். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டபோது சம்பந்தர் பாடியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மம்மாவுக்கு அந்த வரலாறு தெரியுமோ என்னவோ, எந்தக் காய்ச்சலுக்கு எந்தப் பதிகம் என்பது தெரிந்திருந்தது. பதிகம் முடிந்ததும் குளோரோகுயின் குளிசையைச் சீனியோடு வாயில் திணிப்பார். இரண்டில் எது சுகமாக்கியது என்று அவரிடம் கேட்க முடியாது, அடிதான் விழும். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது. பதிகம் போகவில்லை, இப்போது டெங்குவுக்குப் படிக்கிறார்கள்.

இன்னொரு விசயம். வன்னியில் உள்ள சாமிகளில் பாதிப்பேர் மேல் மூவரும் பாடியதே இல்லை. வயல்வெளி ஐயனார், குளக்கட்டு வைரவர், அண்ணமார், புதூர் நாகதம்பிரான், வற்றாப்பளை அம்மன். யாருக்கும் பதிகம் கிடையாது. அதனால் என்ன? ஐயனாருக்கு முன்னால் நின்று "தோடுடைய செவியன்" படிப்பார்கள். நாகதம்பிரானுக்கு "மாசில் வீணையும்". வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குச் சிலம்பு கூறல் தனியே இருக்கிறது. ஆனாலும் மற்ற நாளில் போய் நிற்கிறவர் வாயில் வருவது தேவாரம்தான். எந்தப் பாட்டு எந்தச் சாமிக்கு என்ற கணக்கு இங்கே இல்லை. தேவாரம் என்பது பாடப்பட்டவரின் பெயரோடு ஒட்டியதல்ல, பாடுகிறவர் நிற்கிற நிலையோடு ஒட்டியது.

2009இல் போருக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்களைப் பற்றி நான் அதிகம் எழுதியதில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை. இதற்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரிய மனிதரின் பெயர்கள் வைத்த வலயங்கள். வரிசை வரிசையாய்த் தறப்பாள். அம்மா உரப்பைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது குடும்ப அட்டை, காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள். பெரியப்பாவின் கல்வெட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. பொழுதுபடுகிற நேரம் யாராவது ஒருவர் தொடங்குவார். ஒருவரிடமும் புத்தகம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த பாட்டு வேறு. ஒருவர் விட்ட வரியை மற்றவர் எடுப்பார். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" என்ற வரிக்கு வரும்போது சிலர் நிறுத்திவிடுவார்கள். கடற்கரையில் இருந்து வந்தவர்கள் அந்த வரிசையில் நிறையப்பேர்.

எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்தில் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த ஒரு வேதக்காரக் குடும்பம். அந்த மாமிக்கும் அதே நேரம்தான். செபமாலையும் இல்லை, விரலைக் கணக்குப் பிடித்துப் பிரியதத்த மந்திரம் சொல்லுவார். "தேவாரம் முடிஞ்சுதோ?" என்று அவர் எங்களைக் கேட்பார், "செபம் முடிஞ்சுதோ?" என்று அம்மா அவரைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. இந்த மாமியை நினைத்தால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ் எழுத்தில் அச்சான புத்தகமே ஒரு செபப் புத்தகம்தான். 1578 ஒக்ரோபர் 20இல் கொல்லத்தில் அச்சிட்டது, 16 பக்கம், என்றீக்கு என்றீக்கசு பாதிரியார் செய்தது. எங்கள் முப்பத்தொராம் நாள் புத்தகம் அளவுதான் இருக்கும். அதற்குப் பெயர் தம்பிரான் வணக்கம். தம்பிரான் என்ற சொல் சைவர் வீட்டுச் சொல். சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்பார்கள். அதைவிட என்னைப் பிடித்தது மற்றச் சொல். நூல் என்றோ மாலை என்றோ ஏடு என்றோ போடாமல் வணக்கம் என்று போட்டிருக்கிறார்கள். அங்கேயும் புத்தகத்துக்குச் செயலின் பெயர்.

பாலாவியின் கரைமேல்

பட்டணத்துப் பெரியவருக்கும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. எது தேவாரம், எது திருவாசகம் என்று வகுத்து, வரிசைப்படுத்தி, பிழையில்லாமல் அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றிராவிட்டால் எங்களுக்கு இந்த அளவுகூட வந்து சேர்ந்திராது. 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கி, பிறகு அச்சுக்கூடமும் வைத்த ஆறுமுக நாவலரின் பிடிவாதம் அது. சோதனைத் தாளில் திருவாசகத்தைத் தேவாரம் என்று எழுதினால் நானும் புள்ளி போடமாட்டேன். ஆனால் தூணோடு நின்று பாடுகிற ஆளிடம் சோதனைத் தாளை நீட்டக்கூடாது. அது எனக்குச் சரியென்று படவில்லை.

எனக்கு உண்மையான மனக்குறை வேறு. மூவர் பாடல்களில் ஈழத்துக்குரிய பதிகம் மொத்தம் மூன்று. திருகோணமலைக்குச் சம்பந்தர் பாடியது ஒன்று. திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தருடையது ஒன்று, சுந்தரருடையது ஒன்று. கேதீச்சரம் எங்கள் பக்கம்; வன்னிக் காட்டைத் தாண்டினால் மாந்தை. ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முதல் சுந்தரர் எங்கள் பாலாவித் தீர்த்தத்தின் பெயரைப் போட்டு, "பத்தாகிய தொண்டர்தொழும் பாலாவியின் கரைமேல்" என்று பாடியிருக்கிறார். பிறகு பறங்கியர் இடித்து, கோயில் இருந்த இடமே காடாகி, அதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று 1872இல் நாவலர் எழுதியபோது கையில் இருந்த பெரிய சாட்சி இந்தப் பாட்டுத்தான். தமிழ்நாட்டில் திருவிடைவாயில் இதற்கு மறுதலையாக நடந்தது. அந்த ஊருக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏட்டில் இல்லை. 1917இல் கோயிற் கல்லில் வெட்டியிருந்ததைக் கண்டெடுத்துச் சேர்த்தார்கள். அங்கே கல் பாட்டைக் காப்பாற்றியது. எங்களுக்குப் பாட்டு கல்லைக் காப்பாற்றியது. அப்படிப்பட்ட பதிகம் எங்கள் ஆட்கள் அடிக்கிற கல்வெட்டுக்களில் இருக்கிறதா என்று தேடினேன். கிடைத்த புத்தகங்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. இருந்தவற்றிலும் முதற்பாட்டு மட்டும்.

இந்த வைகாசியில் அத்தான் ஒருவர் மோசம்போனார். கல்வெட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது, வாத்தியார் என்றால் பிழை திருத்தத் தெரியும் என்ற நம்பிக்கையில். சுந்தரரின் பதிகம் பத்துப் பாட்டையும் போடவேண்டும் என்று நின்றேன். அச்சகத்துத் தம்பி கணக்குப் போட்டுப் பார்த்து, "ஐயா, நாலு பக்கம் கூடும். கனடாவிலை இருந்து அனுப்பின படங்களுக்கே இடம் காணாது" என்றார். அதுவும் நியாயம். காசு அங்கேயிருந்து வருகிறது. பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள் வராவிட்டால் ஒரு வருடத்துக்குத் தொலைபேசி எடுக்கமாட்டார்கள். மருமக்களோடு பேசிப் பேசி, இரண்டு படத்தைக் குறைத்து, மிச்சத்தைச் சின்னதாக்கி, பத்துப் பாட்டுக்கும் இடம் எடுத்தோம். பூண்டாயைப் பூடாய் ஆக்கினேன். பாட்டுப் பகுதிக்கு மேலே தலைப்பாகத் தேவாரம் என்றே இருக்கட்டும், சிவபுராணமும் அதற்குள்ளேயே வரட்டும் என்று சொன்னேன்.

அச்சுக்குப் போவதற்கு முதல்நாள் இரவு அக்கா பக்கங்களை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். கேதீச்சரப் பாட்டின் கடைசி அடியில் விரல் நின்றது. "செத்தார் எலும்பணிவான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, செத்தவீட்டுப் புத்தகத்திலை செத்தார் எலும்பு எண்டு போட்டிருக்கிறாய்?"

"சுந்தரர் அப்பிடித்தானக்கா பாடியிருக்கிறார்."

"அவருக்கென்ன, பாடிப்போட்டுப் போட்டார். சனமெல்லோ கதைக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அந்தப் பாட்டை இன்னொருமுறை, இந்தமுறை வாய்விட்டு, மெதுவாக வாசித்தார். பிறகு அடுத்த பாட்டு. அதற்கடுத்தது. பத்தும் முடிந்த பிறகு தாள்களை அடுக்கி என் கையில் தந்தார்.

"சரி, கிடக்கட்டும். ஆனா எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லு. விளக்கு வெளிச்சத்திலை ஒரு கோதாரியும் தெரியுதில்லை."